தலைவர்களைப் பயிற்றும் தொழில்

கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நின்ற பயிற்றுநரை நாம் யாவரும் அறிவோம். அவர் துடுப்பெடுத்து ஆடுவதில்லை, பந்து வீசுவதுமில்லை. ஆட்டம் முடிந்தபின் வெற்றிக் கிண்ணத்தைக் கையிலேந்துபவரும் அவரல்லர். ஆயினும், மைதானத்தினுள்ளே நிற்பவன் தன் கண்ணாற் காணவியலாத ஒன்றை வெளியே நின்று காண்பவர் அவரே. பெரிய கம்பனிகளின் முகாமையாளர்க்கும் பணிப்பாளர்க்கும் இத்தகைய ஒருவர் வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து பிறந்ததே நிறைவேற்று அதிகாரிகளுக்கான தலைமைப் பயிற்றுவிப்பு. ஆங்கிலத்தில் 'எக்ஸெக்கியூற்றிவ் கோச்சிங்' எனப்படும் இத்தொழிலில் இறங்க எண்ணும் பழைய மாணவர் சிலரை யான் அறிவேன். வங்கி, வைத்தியம், பொறியியல், கல்வி முதலிய துறைகளில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றோர், தம் அனுபவம் வீணாகாது பிறர்க்குப் பயன்பட வேண்டுமென விரும்புதல் இயல்பே. அன்னார்க்கு இத்தொழிலின் தோற்றம், தொடக்கம், வளர்ச்சி, ஆபத்து ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இது எதுவன்று என்பதைத் தெளிதல் வேண்டும். ஆலோசகர் என்பவர், நோய் இன்னது, மருந்து இன்னது எனக் கூறிக் கட்டணம் பெறுபவர். விரிவுரையாளர், பலரை ஒருங்கே இருத்தி ஒரு கலையைக் கற்பிப்பவர். வழிகாட்டி, தாம் நடந்த பாதையை இளையவர்க்குக் காட்டுபவர். உளவளத்துணையாளர், மனத்துயர் உற்றாரைத் தேற்றி நலம்பெறச் செய்பவர். தலைமைப் பயிற்றுநரோ இந்நால்வரிலும் வேறானவர். பதவியில் இருப்பவரை இக்கட்டுரையிற் பயிலுநர் என்போம். அவர் தம் நிலையைத் தாமே கண்டு, தம் வழியைத் தாமே தெரிந்து, தெரிந்த வழியில் நடந்தாரா என்பதை அடுத்த சந்திப்பில் தம் வாயாற் கூறுமாறு, வினாக்களாலும் பொறுமையாகச் செவிசாய்த்தலாலும் துணைநிற்பவரே பயிற்றுநர்.

'கோச்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. ஹங்கேரி நாட்டிற் 'கொச்' என்னும் ஊரிற் செய்யப்பட்ட வண்டியின் பெயராக அது ஐரோப்பிய மொழிகளிற் பரவிற்று. 1830 அளவில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர், தம்மைப் பரீட்சையின் அக்கரைக்குச் சுமந்து செல்லும் ஆசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைக்கலாயினர். பின்னர் அது விளையாட்டுத் துறைக்குச் சென்றது. விளையாட்டிலிருந்து வணிக உலகுக்கு அக்கருத்து வருவதற்கு வழி வகுத்தவர் ரிமதி கல்வே என்னும் அமெரிக்கர். ஹாவாட் பல்கலைக்கழக ரெனிஸ் அணிக்குத் தலைவராயிருந்த இவர், பின்னாளிற் பிறர்க்கு ரெனிஸ் பயிற்றியபோது ஒன்றைக் கண்டார். 'கையை இப்படிப் பிடி, காலை அப்படி வை' என்று கட்டளைகளைப் பெருக்கப் பெருக்க மாணவன் விறைத்துப் போனான். கட்டளைகளை நிறுத்தி, பந்து நிலத்திற் படும்போது ஒரு சொல்லும் மட்டையிற் படும்போது ஒரு சொல்லும் உரக்கக் கூறுமாறு பணித்தபோது, அவன் கவனம் பந்திற் பதிந்தது. கை தானே திருந்திற்று. ஒருவர் இயல்பான ஆற்றலை அவர் உள்ளத்து அச்சமும் ஐயமும் குறைத்துவிடுகின்றன என்பதே 1974 இல் அவர் வெளியிட்ட 'ரெனிஸின் உள்ளாட்டம்' என்னும் நூலின் மையக் கருத்து.

இக்கருத்தைப் பிரித்தானியாவில் வளர்த்தவர் சேர் ஜோன் விற்மோர். இவர் 1961 இற் பிரித்தானிய மோட்டார்ப் பந்தய வீரராகப் பட்டம் வென்றவர். 1992 இற் பயிற்றுவிப்புப் பற்றி எழுதிய நூலாற் பெரும் புகழ் பெற்றவர். 2017 இற் காலமானார். அவரும் அவருடைய சகபாடிகளும் பரப்பிய முறை, 'வளர்' எனப் பொருள்படும் 'குறோ' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்களால் அறியப்படும். அடைய விரும்பும் இலக்கு யாது, இன்றைய நிலை யாது, உள்ள வழிகள் எவை, எதனை எப்பொழுது செய்வீர் என்னும் நான்கு வினாக்களே அவை. அமெரிக்காவில் நிதித் திட்ட ஆலோசகராயிருந்த தொமஸ் லெனாட், 1992 இற் பயிற்றுநர்க்கென ஒரு பயிற்சிக் கூடத்தையும், 1995 இற் சர்வதேசப் பயிற்றுநர் சம்மேளனத்தையும் நிறுவினார். இவ்வாறாக மைதானத்திற் பிறந்த கலை அலுவலக அறைக்குள் வந்து ஒரு தொழிலாயிற்று.

நிற்க, உயர்பதவியில் இருப்போர்க்கு இது ஏன் வேண்டும் என வினவலாம். பதவி உயர உயர உண்மை கூறுவோர் தொகை குறைகின்றது. எழுதுவினைஞரின் பிழையை மேலாளர் சுட்டுவார். பணிப்பாளரின் பிழையைச் சுட்டுபவர் யார்? கடிந்துரைக்கத் துணிவாரைத் துணையாகக் கொள்ளாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது திருக்குறளிற் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தின் கருத்தாகும். அறுவைச் சிகிச்சை நிபுணரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே, எட்டாண்டு தொழில் புரிந்தபின் தம் திறமை மேலும் வளராது நிற்பதை உணர்ந்து, ஓய்வுபெற்ற தம் ஆசிரியர் ஒருவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அழைத்துத் தம்மைக் கவனிக்கச் செய்ததைப் பற்றி 2011 இல் எழுதினார். அம்முதியவர் கண்டவை சிறியவை: முழங்கை சிலவேளை தோளளவுக்கு உயர்ந்தது, விளக்கொளி வெட்டிய இடத்தை விட்டு விலகியிருந்தது. எட்டாண்டாகத் தாம் காணாத இவை ஒருநாளிற் புலப்பட்டன.

இன்னோர் உதாரணமும் உண்டு. எரிக் ஷ்மிட் என்பார் 2001 இற் கூகிள் நிறுவனத்தின் தலைமை அதிகாரியானபோது, பணிப்பாளர் சபையைச் சேர்ந்த ஜோன் டோர் அவரிடம் ஒரு பயிற்றுநரை வைத்துக்கொள்ளுமாறு கூறினார். அனுபவம் மிக்க தமக்குப் பயிற்றுநரா என ஷ்மிட் முதலில் மனம் நொந்தார். பின்னர் தாம் பெற்ற புத்திமதிகளுள் அதுவே தலைசிறந்தது என்றார். அவ்வாறு வந்தவர் பில் கம்பெல். கம்பெல் 1974 முதல் 1979 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணியைப் பயிற்றியவர். அவ்வணி அவர் காலத்தில் வென்ற ஆட்டங்கள் 12, தோற்றவை 41. மைதானத்தில் தோல்வியே மிகுதியாகக் கண்ட அம்மனிதர், பின்னர் வணிகத் துறையில் உயர்ந்து, அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ் முதலியோரும் மனந்திறந்து பேசும் துணையாக 2016 இல் மறையும்வரை விளங்கினார். மற்றவர் தம்மிடம் அச்சமின்றி உண்மை பேசும் இயல்பே அவருடைய மூலதனமாயிருந்தது.

இனி, தொழிலின் இன்றைய நிலையை நோக்குவோம். சர்வதேசப் பயிற்றுநர் சம்மேளனத்தின் மதிப்பீட்டின்படி, 2019 இல் உலகிற் பயிற்றுநர் தொகை 71,000. அவர்தம் மொத்த வருமானம் 284.9 கோடி டொலர். 2022 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டிற் தொகை 109,200 ஆகவும் வருமானம் 456.4 கோடி டொலராகவும் உயர்ந்தன. இதனைக் கண்டு மயங்குவோர் வகுத்துப் பார்த்தல் நன்று. தலைக்கு ஏறத்தாழ 40,100 டொலராயிருந்த சராசரி 41,800 டொலரளவுக்கே சென்றது. சந்தை விரிந்த வேகத்திலேயே அதிற் புகுவோர் தொகையும் பெருகிற்று. இத்தொகையுள் எல்லாவகைப் பயிற்றுநரும் அடங்குவர். சிலர் மிகுதியாகப் பெற, பலர் இதனைப் பகுதிநேர வேலையாகவே கொண்டுள்ளனர். ஆதலின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு வருவாயோ ஓய்வூதியமோ சேமிப்போ இல்லாதவர் இதில் முழுநேரமாக இறங்குதல் ஆகாது.

இத்தொழிலுக்கு வாயிற்காவல் இல்லை என்பது மற்றுமோர் உண்மை. வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் உள்ளது போன்ற சட்டபூர்வமான அனுமதி, பெரும்பாலான நாடுகளிற் பயிற்றுநருக்கு வேண்டப்படுவதில்லை. எவரும் பெயர்ப்பலகை மாட்டலாம். இதனால் விளையும் கேட்டை ஸ்ரீவன் பேர்க்ளஸ் என்னும் உளவியலாளர் 2002 இல் எடுத்துக் காட்டினார். பயிலுநரின் நடத்தைக்கு அடியில் மனநோய் இருப்பின், பயிற்சியற்றவர் அதனை அறியாது மேற்பூச்சுப் பூசி நிலைமையை மோசமாக்கிவிடுவார் என்பது அவர் எச்சரிக்கை. 2009 இல் ஹாவாட் வணிகச் சஞ்சிகை 140 பயிற்றுநரை வினவியபோது, சொந்த வாழ்க்கைப் பிரச்சினைக்காகவே தாம் அமர்த்தப்பட்டதாகக் கூறியோர் நூற்றுக்கு 3 பேர். ஆயினும் அத்தகைய பிரச்சினையிற் கைகொடுக்க நேர்ந்தது என்றோர் நூற்றுக்கு 76 பேர். அலுவலகக் கதவால் நுழைபவர் தம் வீட்டையும் உடன் கொண்டே வருகின்றார். எனவே, துயிலின்மை, தொடர்ந்த துயரம், மது, உயிர்மீது வெறுப்பு ஆகியவற்றின் அறிகுறியைக் கண்டவுடன் தகுந்த மருத்துவரிடம் அனுப்பும் அறிவும் அடக்கமும் பயிற்றுநர்க்கு இன்றியமையாதன.

சட்டம் வேண்டாவிடினும், தொடங்குவோன் முறையாகக் கற்றல் வேண்டும். மேற்கூறிய சம்மேளனம் மூன்று படிகளை வகுத்துள்ளது. முதற் படிக்கு 60 மணி நேரக் கல்வியும் 100 மணி நேரப் பயிற்றிய அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணிக் கல்வியும் 500 மணி அனுபவமும், மூன்றாம் படிக்கு 200 மணிக் கல்வியும் 2,500 மணி அனுபவமும் வேண்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம், ஆண்டில் 44 வாரம் பயிற்றுபவர் ஓராண்டிற் பெறுவது 220 மணி. அவர் இரண்டாம் படியை எட்ட இரண்டாண்டுக்கு மேலும், மூன்றாம் படியை எட்டப் பதினோராண்டுக்கு மேலும் செல்லும். விரைவிற் பொருளீட்ட நினைப்போர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்க்கக் கடவர்.

அனுபவசாலிகளுக்கு இக்கல்வியிற் கடினமான பாடம் வாய்மூடி இருத்தல் ஆகும். முப்பதாண்டு கட்டளையிட்டுப் பழகிய நாவுக்கு வினாக் கேட்டல் எளிதன்று. எம்மவரிடத்தில் இது இருமடங்கு கடினம். வயதில் மூத்தவர் சொல்வார், இளையவர் கேட்பார் என்பது எமது வழக்கு. 'நீங்கள் என்ன எண்ணுகிறீர்கள்?' என்று மூத்தவர் வினவினால், 'சேர், நீங்களே சொல்லுங்கள்' என்று பயிலுநர் கைகட்டிக்கொள்வார். அங்கே விடையைக் கூறிவிடுதல் இருவர்க்கும் இனிமையானது. ஆனால் அவ்விடை பயிலுநரின் கம்பனிக்கும் அவர் இயல்புக்கும் பொருந்துமா என்பதை நாம் அறியோம். பொருந்தாதாயின் இழப்பு அவருடையதே. அரை நிமிடம் மௌனமாயிருக்கப் பழகியவரே இத்தொழிலிற் கால்வைத்தவராவர்.

இவற்றினும் மேலான ஒன்று உண்டு. அதனை யான் நூலிற் கற்றிலேன். பிழை செய்து கற்றேன். யான் இத்தொழிலிற் புகுந்த முதலாண்டில், ஒரு கம்பனி தன் முகாமையாளர் ஒருவரைப் பயிற்றுமாறு என்னை அமர்த்தியது. பணம் கொடுப்பது கம்பனி, பேசுவது முகாமையாளர். நான்காம் சந்திப்பில் அவர், பெரிய கூட்டங்களிற் பேச எழும்போது தமக்கு நாவரண்டு போவதையும், அதை மறைக்கவே கடுகடுப்பாக நடந்துகொள்வதையும் கூறினார். அதனை அவர் தம் மனைவியிடமும் கூறியதில்லை. சில நாள் கழித்து ஒரு மதியபோசனத்தின்போது பணிப்பாளர், 'ஆள் எப்படி, தேறுவாரா?' என்று சாதாரணமாகக் கேட்டார். 'நல்ல மனிதர், தன்னம்பிக்கைதான் சற்றுக் குறைவு' என்றேன். அவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணினேன். அவ்வாண்டு மேற்பதவி வேறொருவர்க்குச் சென்றது. என் ஒரு வாக்கியந்தான் காரணம் என்று கூறவியலாது; காரணமன்று என்றும் கூறவியலாது. இறுதியாகச் சந்தித்தபோது அவர் சினக்கவில்லை. 'சேர், அதை நான் உங்களிடமல்லவா சொன்னேன்?' என்றார். அதன்பின் அவர் என்னிடம் வரவில்லை. அக்கம்பனியிலிருந்து வேறெவரும் வரவில்லை.

ஆகவே முதற் சந்திப்புக்கு முன்னரே கம்பனி, பயிலுநர், பயிற்றுநர் ஆகிய மூவரும் ஒருங்கிருந்து உடன்படிக்கையை எழுதிக் கொள்ளுதல் வேண்டும். நோக்கம் யாது, சந்திப்புக்கள் எத்தனை, எத்தனை மாதத்தில் முடியும், கட்டணம் எவ்வளவு, இடையில் நிறுத்தும் உரிமை எவர்க்கு உண்டு என்பன அதில் இடம்பெறும். எல்லாவற்றிலும் முக்கியமாகக் கம்பனிக்கு எவை தெரிவிக்கப்படும் என்பதை வரையறுத்தல் வேண்டும். சந்திப்பு நடந்ததா என்பதையும், ஒப்புக்கொண்ட இலக்குகளையும் கம்பனி அறியலாம். ஏனையவற்றைப் பயிலுநர் தாமே தம் வாயாற் கூறுவார். உயிராபத்தும் சட்டத்தை மீறிய குற்றமுமே இதற்கு விலக்கு. இவ்விலக்கையும் பயிலுநர் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் வேண்டும். மதியபோசனத்திற் கேள்வி எழும்போது, 'அதை அவரிடமே கேளுங்கள். மூவரும் இருந்து பேசுவோம்' என்று மறுமொழி கூற இவ்வெழுத்தே துணைநிற்கும்.

கட்டணத்தைக் கணிக்கும் முறையும் அறியத்தக்கது. ஆறு மாதத்திற் பன்னிரண்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி என்று கொள்வோம். பார்வைக்குத் தெரிவது 18 மணி. ஆனால் பயிலுநரோடு பணிபுரிவோர் எண்மரைத் தனித்தனியே முக்கால் மணி நேரம் வினவ 6 மணியும், மூவர் கூட்டங்களுக்கு 3 மணியும், ஆயத்தத்துக்கும் குறிப்பெழுதுவதற்கும் 9 மணியும் செல்லும். ஆகமொத்தம் 36 மணி. சந்திப்பு நேரத்துக்கு மட்டும் விலை கூறுபவர் தம் உழைப்பிற் பாதியை இலவசமாகக் கொடுத்தவராவார். எனவே மணிக்கணக்கை விடுத்து முழு ஒப்பந்தத்துக்கும் ஒரு தொகை கூறுதல் சிறந்தது. மாஷல் கோல்ட்ஸ்மித் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்றுநர், பயிலுநர் திருந்தினார் என்று உடன் பணிபுரிவோர் உரைத்தாலன்றிப் பணம் பெறுவதில்லை என்னும் நியதியைக் கைக்கொண்டவர். புதியவர்க்கு அது ஏற்றதன்று. ஆயினும், முன்னேற்றத்தை அளப்போர் பயிலுநரைச் சூழ்ந்திருப்போரே என்னும் அவர் கொள்கை போற்றத்தக்கது.

உடன் பணிபுரிவோரின் கருத்தைத் திரட்டிக் கூறுவதிலும் கவனம் வேண்டும். குளூகர், டினீசி என்னும் ஆராய்ச்சியாளர் 1996 இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செயலைப் பற்றிய கருத்துரை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அச்செயலைத் தாழ்த்தியதைக் கண்டனர். குறைகளின் பட்டியலை அப்படியே மேசைமீது வைத்தல் பயிற்றுவிப்பு ஆகாது. அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ பயிலுநர் தாமே தெரிந்தெடுக்கச் செய்து, நாளைய கூட்டத்தில் வேறாகச் செய்யத்தக்கது யாது என்பதை நோக்கித் திருப்புதலே பயன் தரும்.

முதற் பயிலுநரை எங்ஙனம் பெறுவது? விளம்பரத்தால் இத்தொழில் வளர்தல் அரிது. தாம் நன்கறிந்த ஒரு மாறுதற் கட்டத்தைத் தெரிந்தெடுத்தல் நன்று. கிளை முகாமையாளராயிருந்து பிராந்தியப் பொறுப்பேற்பவர், பொறியியலாளராயிருந்து நிர்வாகியானவர், வைத்தியராயிருந்து வைத்தியசாலைப் பணிப்பாளரானவர், புதிதாக அதிபரானவர் ஆகியோருள் எவர் இடர்ப்பாட்டை நாம் அறிவோமோ அவரிடமிருந்து தொடங்கலாம். இருவர் மூவர்க்குக் குறைந்த கட்டணத்திற் பயிற்றுக. தொழிற்சங்கங்களின் கூட்டங்களிற் பேசுக. ஒப்பந்தம் முடியும்போது, 'இது பயன்படத்தக்க ஒருவரை அறிவீர்களா?' என்று ஒருமுறை கேட்க. ஆனால் பயிலுநர் பெயரை அவர் இசைவின்றி எங்கும் கூறற்க. தாம் முன்பு பணிபுரிந்த அலுவலகத்தில், தமக்குக் கீழிருந்தவரைப் பயிற்றுதலையும் தவிர்த்தல் நலம். பழைய அதிகாரத்தின் நிழல் அவ்வறையில் அமர்ந்திருக்கும்.

வளர்ச்சிக்கு வழிகள் மூன்று. அனுபவத்துக்கேற்பக் கட்டணத்தை உயர்த்துதல் ஒன்று; தனியாளோடு நில்லாது முழுக் குழுவையும் பயிற்றுதல் மற்றொன்று; வேறு பயிற்றுநரைச் சேர்த்து நிறுவனமாதல் இன்னொன்று. மூன்றாவதில் இடர் மிகுதி. ஒரே கம்பனியின் பணிப்பாளரையும் அவர்க்குக் கீழுள்ளவரையும் நம்மவர் இருவர் பயிற்றும்போது, ஒருவர் குறிப்பை மற்றவர் காணாமை வேண்டும். ஒரு கம்பனியிலிருந்தே வருமானத்திற் பாதிக்கு மேல் வருமாயின், நாம் அதன் ஊழியராகிவிட்டோம் என்று அறிக. பணிப்பாளரின் கேள்விக்கு மறுமொழி கூற மறுக்கும் துணிவு அப்போது குன்றும். ஆதலால் வாடிக்கையாளரைப் பலவாக்குதல் வருமானத்துக்கு மட்டுமன்றி நேர்மைக்கும் காப்பாகும். அன்றியும், எத்துணை வளரினும் தம்மினும் மூத்த பயிற்றுநர் ஒருவரிடம், பயிலுநரின் பெயரை வெளியிடாது, தம் வேலையை மாதந்தோறும் ஒப்புவித்து ஆராய்தல் வேண்டும். பயிற்றுநர்க்கும் பயிற்றுநர் தேவை.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப்பின், திரையில் முகம் பார்த்துப் பயிற்றுதல் எங்கும் வழக்கமாயிற்று. ஆதலால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஒருவரோடு அமரலாம். ஆங்கிலத்தில் அலுவல் புரிந்து, தமிழிற் கவலைப்படும் எம்மவர் பலர். அவர்தம் கவலையை அவர்தம் மொழியிற் கேட்கவல்ல பயிற்றுநர்க்கு அங்கே இடமுண்டு. வினாக்களைத் தொடுக்கும் இயந்திரங்களும் இன்று வந்துள்ளன. குறைந்த செலவில் அவை நான்கு வினாக்களையும் பிழையின்றிக் கேட்கும். ஆயினும், கேட்டதைக் காக்கும் பொறுப்புக்கு ஒரு மனிதனே முகங்கொடுத்து நிற்றல் வேண்டும்.

ஓய்வு பெறும் நாளை எதிர்நோக்கும் பழைய மாணவரே, உங்கள் அனுபவம் பெரிது. அதனை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அமரக்கூடுமாயின் இத்தொழிலுக்கு வருக. இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவரும் இதிற் கற்கத்தக்கது உண்டு. நண்பன் ஒருவன் தன் இடரைக் கூறும்போது, புத்திமதி கூறுமுன் இன்னும் ஒரு வினாக் கேட்டுப் பாருங்கள். அவன் கூறியதை மூன்றாமவரிடம் கூறாதிருங்கள். இவ்விரண்டும் வழக்கமாகிவிட்டவர், பின்னாளிற் பெயர்ப்பலகை மாட்டினும் மாட்டாவிடினும், பிறர் நாடிவரும் மனிதராவர்.